சக்கரக் கிருமியின் குலமுறை



நான்கு மாதங்களுக்கு முன்பு ஒரு மாலைப் பொழுதில், ஆவடியில் உள்ள என் வீட்டுக்கு ஓர் இளந்தாய் வந்தாள். என் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள். மடியில் ஆறு வாரக் கைக்குழந்தை. உட்கார்ந்ததும் உட்காராததுமாக அவள் கேட்டாள்:

“சார், மூத்தவனுக்கு ரோட்டா சொட்டு மருந்து மூன்று தவணையும் தவறாமல் கொடுத்தேன். அட்டையில் எல்லாம் குறித்திருக்கிறது. அப்படியும் பத்தாவது மாதத்தில் பேதி கண்டு, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். மலத்தைச் சோதித்துவிட்டு ரோட்டா வைரஸ் என்றே சொன்னார்கள். எந்த நோய்க்கு மருந்து கொடுத்தோமோ அதே நோய் வந்துவிட்டதே, பிறகு அந்த மருந்து எதற்கு என்று மாமியார் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இவனுக்குக் கொடுக்கட்டுமா, வேண்டாமா?”

‘கொடு’ என்று ஒரே சொல்லில் விடையளித்திருக்கலாம். ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகள் ‘ஏன்’ என்று கேட்கக் கற்றுக் கொடுத்தவன், தன் மாணவி ‘ஏன்’ என்று கேட்கும்போது அதட்டி அனுப்புவது முறையாகாது. “ஒரு வாரம் பொறு அம்மா, படித்துவிட்டுச் சொல்கிறேன்” என்றேன். அந்த ஒரு வாரத்தில் படித்ததும், விவரம் அறிந்த மருத்துவ நண்பரிடம் கேட்டுத் தெளிந்ததுமே இன்றைய என் பேச்சுக்குப் பொருள்.

முதலில் இந்தக் கிருமியின் பெயரைப் பார்ப்போம். 1973ஆம் ஆண்டு வரை, குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் பெரும்பகுதிக்குக் காரணம் இன்னதென்று மருத்துவ உலகம் அறியவில்லை. மலத்தைச் சோதித்தால் காலராக் கிருமியும் இராது, சீதபேதிக் கிருமியும் இராது. ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில், ரூத் பிஷப் என்ற அம்மையாரும் அவருடைய தோழர்களும் நோயுற்ற குழந்தைகளின் சிறுகுடலிலிருந்து கடுகளவு திசுவை எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தனர். குடலின் உட்பக்கத்து உயிரணுக்களில் வட்ட வட்டமான வைரஸ் துகள்கள் நிறைந்திருந்தன. மறு ஆண்டில், இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பணியாற்றிய ஃப்ளூவெட் என்ற அறிஞர், இதன் உருவம் சக்கரம் போலிருக்கிறது என்று கண்டு, லத்தீன் மொழியில் சக்கரத்தைக் குறிக்கும் ‘ரோட்டா’ என்ற சொல்லையே பெயராக்கினார். நடுவிலே குடம், அதிலிருந்து விரியும் குட்டையான ஆரங்கள், சுற்றிலும் மெல்லிய விளிம்பு. 1949இல் தொடங்கப்பெற்ற ஒரு நிறுவனத்தால் மிதிவண்டிக்குப் பெயர் பெற்ற அம்பத்தூருக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு இந்த உருவத்தை விளக்க வேண்டியதில்லை. மிதிவண்டி பின்னும் ஓரிடத்தில் நமக்கு உதவும். அதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

இனி இதன் குலம். உயிரினங்களை வகைப்படுத்துவோர் குடும்பம், பேரினம், சிற்றினம் என்று படிப்படியாகப் பிரிப்பது நேயர்கள் பள்ளியில் படித்ததே. வைரஸ்களுக்கும் அம்முறை உண்டு. ரோட்டா என்பது பேரினத்தின் பெயர். இது நெடுங்காலம் ‘ரியோ’ என்ற பெருங் குடும்பத்தில் வைத்து எண்ணப்பட்டது. அந்தப் பெயரைச் சூட்டியவர், போலியோ சொட்டு மருந்தைத் தந்த ஆல்பர்ட் சேபின், ஆண்டு 1959. சுவாசம், குடல், அநாதை என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அப்பெயரை அவர் அமைத்தார். அநாதை என்றது ஏன்? மூச்சுக் குழலிலும் குடலிலும் அவை காணப்பட்டன; ஆனால் எந்த நோயும் அவற்றுக்கு உரியதாக அப்போது தெரியவில்லை. நோயற்ற கிருமி என்பதால் அநாதை ஆயிற்று! அந்த அநாதையின் சுற்றத்திலேயே உலகெங்கும் குழந்தைகளைக் கொல்லும் ஒன்று இருந்தது என்பது பதினான்கு ஆண்டுகள் கழித்துத்தான் தெரிய வந்தது.

2022இல் அந்தப் பெருங் குடும்பத்தை இரண்டாகப் பங்கு பிரித்துவிட்டார்கள். உள் உருண்டையின் மேல் கோபுரம் போன்ற முனைகள் நிற்பவை ஒரு குடும்பம். அவ்வாறின்றி வழவழப்பாக இருப்பவை மற்றொரு குடும்பம். ரோட்டா வழவழப்பான குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ஊர் ஆடுகளுக்கு வரும் நீலநாக்கு நோயின் வைரசும் அதே குடும்பத்தினதுதான். சிறு விவசாயியின் பட்டியிலும் குழந்தையின் தொட்டிலிலும் அழிவு செய்பவை ஒன்றுக்கொன்று உறவினர்.

பேரினத்துக்குள்ளே சிற்றினங்களை ஆங்கில எழுத்து வரிசையில் ஏ முதல் ஜே வரை குறித்தார்கள். எண்ணிப் பார்த்தால் பத்து வர வேண்டும், ஒன்பதுதான் உண்டு. ஐந்தாம் எழுத்தாகிய ‘ஈ’ பன்றிகளிடம் கண்டதாக முன்பு அறிவிக்கப்பட்டது. ஆயினும், அதன் மாதிரி எவரிடமும் எஞ்சவில்லை; மரபு எழுத்துகளும் பதிவாகவில்லை. ஆகவே பட்டியலிலிருந்து நீக்கிவிட்டனர். நெடுநாள் வராத மாணவன் பெயரைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடிப்போமே, அது போலத்தான். எஞ்சிய ஒன்பதில் மனிதக் குழந்தையை மிகுதியாகத் தாக்குவது முதலாம் சிற்றினம். ‘ஆல்பா’ என்பதைத் தலைச்சொல்லாகக் கொண்ட புதிய பெயர் இப்போது அதற்கு உண்டு. இரண்டாம் சிற்றினம் 1982, 1983 ஆண்டுகளில் சீனாவில் வயது வந்தோரிடையே பெரிய கொள்ளைநோயாகப் பரவியது. பின்னர் கல்கத்தாவிலும் தலைகாட்டியது. மற்றவை பெரும்பாலும் பன்றி, கோழி, நாய், வௌவால் முதலியவற்றோடு நிற்பவை. நாம் முதலாவதை மட்டும் பின்தொடர்வோம்.

அதன் உள்ளே இருப்பது என்ன? மனிதனின் மரபு எழுத்து டி.என்.ஏ. என்ற பொருளில் எழுதப்பட்டது. இந்த வைரசின் மரபு எழுத்து ஆர்.என்.ஏ. என்ற பொருளில், அதிலும் இரட்டை இழையாக எழுதப்பட்டது. வியப்பு யாதெனில், அது ஒரே நீண்ட சுவடியாக இல்லை. 11 தனித்தனி ஏடுகளாக இருக்கிறது. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 18,500 எழுத்து இணைகள். மிகப் பெரிய ஏட்டில் சுமார் 3,300. மிகச் சிறியதில் பெரும்பாலும் 700க்கும் குறைவு. ஒவ்வோர் ஏடும் பொதுவாக ஒரு புரதத்தைச் செய்யும் கட்டளை. கடைசி ஏட்டில் மட்டும் இரண்டு கட்டளைகள் இருக்கக் கூடும்.

இந்த ஏடுகளைக் கண்ணால் காணவும் வழி உண்டு. மலத்திலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, பாகு போன்ற ஒரு தகட்டின் தலைப்பில் வைத்து மின்சாரம் செலுத்துவார்கள். சிறியது விரைந்து ஓடும், பெரியது பின்தங்கும். பிறகு வெள்ளி உப்பால் சாயமேற்றினால் 11 கோடுகள் ஏணிப் படிகள் போலத் தோன்றும். முதலாம் சிற்றினத்துக்கு அப்படிகள் நான்கு, இரண்டு, மூன்று, இரண்டு என்று கூட்டம் கூட்டமாக நிற்கும். மூன்றாம் சிற்றினமானால் நான்கு, மூன்று, இரண்டு, இரண்டு. விளையாட்டு ஆசிரியர் மாணவர் நிற்கும் வரிசையைப் பார்த்தே எந்த வகுப்பு என்று சொல்வதைப் போல, ஆய்வாளர் கோடுகளைப் பார்த்தே சிற்றினத்தை ஊகித்துவிடுவார்.

இந்த 11 ஏடுகளையும் மூன்று அடுக்கு உறை காக்கிறது. நடு உறையின் புரதம் எவ்வாறு இருக்கிறது என்பதைக் கொண்டே சிற்றினத்தைத் தீர்மானிக்கிறார்கள். வெளியுறையில் இரண்டு புரதங்கள். ஒன்று மேற்பரப்பு முழுவதும் ஓடு வேய்ந்தாற்போலப் பரவியது, மற்றொன்று அதிலிருந்து முள்ளாக நீட்டிக் கொண்டிருப்பது, முட்கள் 60. ஓட்டுப் புரதத்துக்கு ‘ஜி’ என்றும், முட்புரதத்துக்கு ‘பி’ என்றும் குறியீடு. இவ்விரண்டு எண்களைச் சேர்த்து ‘ஜி ஒன்று பி எட்டு’ என்பது போல அழைப்பது வழக்கம். தலைப்பெழுத்தும் பெயரும் போல என்று கொள்ளலாம்.

முட்புரதத்தைப் பற்றி ஒரு சொல். அது குடலின் உயிரணுவில் பாய வேண்டுமானால் முதலில் இரண்டாக வெட்டப்பட வேண்டும். வெட்டுவது எது தெரியுமா? உணவைச் செரிக்க நம் உடலே சுரக்கும் ட்ரிப்சின். திருடனுக்குச் சாவி செய்து கொடுப்பவர் வீட்டுக்காரரே!

இரண்டு எண்கள் மட்டும் போதா என்று 2008இல் அறிஞர்கள் முடிவு செய்தனர். 11 ஏடுகளுக்கும் தனித்தனியே எண் கொடுத்து, ஒரே வரியில் எழுதும் முறையை வகுத்தார்கள். நடு உறைக்கு ஓர் எழுத்து, நகலெடுக்கும் புரதத்துக்கு ஓர் எழுத்து, உடலின் காவலை மடக்கும் புரதத்துக்கு ஓர் எழுத்து என்று வரிசை போகும். அவற்றுள் ‘ஈ’ என்பது குடல் நஞ்சைக் குறிக்கும். வைரஸ் ஒன்று நஞ்சும் செய்யும் என்பது 1996இல் இந்தப் புரதத்தைக் கொண்டுதான் முதன்முதலில் நிறுவப்பட்டது. குடலைச் சிதைப்பதற்கு முன்னரே நீரைக் கொட்டச் செய்வது இந்த நஞ்சு.

இத்தனை நீளமாகப் பெயரிடுவது வீண் பகட்டு என்றே நானும் முதலில் எண்ணினேன். காரணம் பிறகு விளங்கிற்று. மிதிவண்டியை இப்போது நினைவுக்குக் கொண்டு வாருங்கள். பழுது பார்க்கும் கடைக்கு ஒரே நாளில் இரண்டு வண்டிகள் வருகின்றன. இரண்டையும் பிரித்துப் போட்டு, மாலையில் பூட்டும்போது ஒன்றின் கைப்பிடி மற்றொன்றில் ஏறிவிடுகிறது. வண்டி ஓடும்; ஆனால் அது பழைய வண்டியன்று. ஒரே உயிரணுவில் இரு வேறு ரோட்டா வைரஸ்கள் புகுந்தால் நடப்பது இதுவே. இரண்டின் ஏடுகளும் அங்கே நகலாகிக் குவிகின்றன. புதிய துகளுக்குள் 11 ஏடுகள் அடுக்கப்படும்போது சில இதனுடையவை, சில அதனுடையவை என்று கலந்துவிடும். சுவடி ஒன்றாகத் தைக்கப்பட்டிருந்தால் இவ்வளவு எளிதில் கலவாது. கைப்பிடியையும் இருக்கையையும் மட்டும் பார்த்து வண்டியின் பிறப்பைச் சொல்ல முடியாதல்லவா? ஆகவேதான் 11 உறுப்புகளுக்கும் பெயர்.

கலப்பு மனித வைரஸ்களுக்குள் மட்டும் நடப்பதில்லை. மாட்டுக் கன்றுகளுக்கும் ரோட்டா உண்டு. மாடும் குழந்தையும் ஒரே கூரையின் கீழ் வளரும் நாடு நம்முடையது. 1985, 1986 ஆண்டுகளில் தில்லியின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில், மகாராஜ் கிஷன் பான் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு விந்தையைக் கண்டார்கள். அங்கே பிறந்த சிசுக்களின் மலத்தில் ரோட்டா இருந்தது. சிசுக்களுக்கோ பேதி இல்லை. அதுமட்டுமன்று, பின்னர் அக்குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, அவர்களுக்கு ரோட்டாப் பேதி குறைவாகவே வந்தது. அந்த வைரசுக்கு 116ஈ என்று பெயரிட்டு ஏடுகளை ஆராய்ந்தனர். பத்து ஏடுகள் மனித வைரசினுடையவை. முட்புரத ஏடு ஒன்று மட்டும் மாட்டினுடையது. இயற்கையே பூட்டிய கலப்பு வண்டி! அதை ஐதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம் சொட்டு மருந்தாக்கியது. தில்லி, பூனா, நம் வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2016இல் நான்கு மாநிலங்களில் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது; 2017இல் தமிழ்நாட்டுக்கும் ரோட்டாத் தடுப்பு வந்தது. பூனாவின் சீரம் நிறுவனம் செய்யும் மற்றொரு மருந்தும் இன்று திட்டத்தில் உண்டு. அதில் கலப்பைச் செய்தது ஆய்வுக்கூடம்; அளவு தலைகீழ். பத்து ஏடுகள் மாட்டு வைரசினுடையவை. ஓட்டுப் புரத ஏடு மட்டும் மனிதனுடையது.

இந்த இடத்தில், மாணவியின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று நான் மகிழ்ந்தேன். மருந்தின் வைரஸ் ‘ஜி ஒன்பது பி பதினொன்று’. நாட்டிலோ 2012 முதல் 2014 வரை நடந்த கண்காணிப்பில் முதலிடம் பெற்றது ‘ஜி ஒன்று பி எட்டு’. பிற்பாடு ‘ஜி மூன்று பி எட்டு’ மேலோங்கியது. பூட்டு வேறு, சாவி வேறு. ஆதலால்தான் மருந்து தவறிற்று என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். மருத்துவ நண்பர் அதைப் படித்துவிட்டு, “தவறு, திருத்துங்கள்” என்றார். தேர்வுத்தாளில் சிவப்புக் கோடு விழுந்த மாணவன் நிலை எனக்கு!

அவர் காட்டிய சான்று இரண்டு. முதலாவது, மேற்சொன்ன சோதனையில் 116ஈ தன்னிலும் வேறுபட்ட எண்களை உடைய வைரஸ்களிடமிருந்தும் காத்தது. உறை வேறானாலும் உட்புரதங்களில் உறவு மிகுதி. இரண்டாவது சான்று வேலூரில் கிடைத்தது. அங்கும் சிசுக்களிடம் மாட்டுக் கலப்புள்ள ஒரு வைரஸ் காணப்பட்டது. அதன் எண் ‘ஜி பத்து பி பதினொன்று’. தில்லி வைரசின் ஒன்றுவிட்ட தம்பி எனலாம். அது அக்குழந்தைகளைப் பின்னாளில் காத்ததா? இல்லை. சிசுப் பருவத்தில் அதைப் பெற்ற குழந்தைகளுக்கும் பின்னர் மற்றவர்களைப் போலவே ரோட்டா வந்தது. பெயர் ஒத்திருப்பதால் காவல் உறுதி என்பதும் இல்லை. பெயர் மாறுவதால் காவல் போய்விடும் என்பதும் இல்லை.

அப்படியானால் குறை எங்கே? வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர், ஏழைகள் வாழும் பகுதிகளில் பிறந்த 373 குழந்தைகளை மூன்று ஆண்டுகள் வீடு தேடிச் சென்று கண்காணித்தார்கள். முடிவு 2011இல் வெளியாயிற்று. ஆறு மாதம் நிறையும் முன்பே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளை ரோட்டா தொட்டிருந்தது. ஒரு முறை வந்தால் உடல் கற்றுக் கொள்ளும் பாடம் சிறிது. மறுமுறையில் இன்னும் சிறிது. மூன்று முறை இயற்கையாகவே வந்து போன பிறகும், சற்றுக் கடுமையான பேதியிலிருந்து கிடைத்த காவல் நூற்றுக்கு 79தான். இயற்கை நோயே மூன்று தடவையில் முழுப் பாடம் கற்பிக்காத நிலையில், நலிவூட்டப்பட்ட மருந்திடம் நூற்றுக்கு நூறு எதிர்பார்ப்பது எவ்வாறு? தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் மருந்தை மடக்குவது, குடலில் வேறு கிருமிகள் நெருக்குவது, ஊட்டக் குறைவு ஆகியவை காரணங்களாகக் கருதப்படுகின்றன. செல்வ நாடுகளில் இத்தகைய மருந்துகள் நூற்றுக்கு 85க்கு மேலும் காக்கும். நம் நாட்டுச் சோதனையில், முதல் ஆண்டில் கடுமையான ரோட்டாப் பேதியைத் தடுத்த அளவு நூற்றுக்கு ஏறத்தாழ 55.

ஐம்பத்தைந்து மதிப்பெண் குறைவா? வினாத்தாளின் கடினத்தையும் பார்க்க வேண்டுமே. எங்கள் ஆவடிக்கு அருகில், அயப்பாக்கத்தில், தேசிய நோய்ப்பரவியல் நிலையம் இருக்கிறது. ஆவடியில் இருந்த தொழுநோய் ஆய்வுக் கிளையையும் சென்னையின் மருத்துவப் புள்ளியியல் நிலையத்தையும் இணைத்து 1999இல் அமைத்தது. 2012இல் தொடங்கிய நாடு தழுவிய ரோட்டாக் கண்காணிப்பை ஒருங்கிணைத்தது அந்நிலையமே. பேதிக்காக மருத்துவமனையில் சேர்ந்த, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 40 பேரிடம் ரோட்டா இருந்தது. அந்த நிலையத்தின் வழியாகப் பல்லாண்டு பேருந்தில் போய் வந்திருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இவ்வளவையும் மாணவியிடமும், அவளுடன் வந்த மாமியாரிடமும் சொன்னேன். மருந்து பாதியைத் தடுக்கும். மறுபாதிக்கு வீட்டில் காவல் வேண்டும். அந்தக் காவல் உப்புச் சர்க்கரைக் கரைசல். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும், அரைத் தேக்கரண்டி உப்பும், கரண்டியைத் தலைதட்டி அளந்து போட வேண்டும். சுகாதார நிலையத்துப் பொட்டலம் கிடைத்தால் இன்னும் நன்று. உப்பும் சர்க்கரையும் சேர்ந்தே குடற்சுவரைக் கடக்கும், நீர் அவற்றைத் தொடர்ந்து போகும். நோயுற்ற குடலிலும் அந்த வாயில் முழுவதும் அடைபடுவதில்லை. 1971இல் வங்க எல்லையில் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலைக் கொண்டே எண்ணற்றோரைக் காத்தார். துத்தநாக மாத்திரையை மருத்துவர் சொன்னபடி 14 நாள் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

இதைச் சொல்லும்போது என் குரல் தடுமாறிற்று. 1984இல் நான் பூந்தமல்லிக்கு அருகில் ஒரு சிற்றூரில் இளம் ஆசிரியன். என் தமக்கையின் எட்டு மாதப் பெண்குழந்தைக்குப் பேதி கண்டது. வயிற்றைக் காயப் போட வேண்டும், தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்றார்கள் பெரியவர்கள். பயிற்சிப் பள்ளியில் சுகாதாரப் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்ற நானும் தலையாட்டினேன். இரண்டாம் நாள் இரவு குழந்தையின் கண்கள் குழி விழுந்தன, உச்சந்தலை பள்ளமாயிற்று. வண்டி பிடித்துப் புறப்பட்டோம், வழியிலேயே முடிந்துவிட்டது. அது ரோட்டாவா, வேறொன்றா, யாருக்குத் தெரியும்? கரைசல் அன்றும் இருந்தது. அதைக் கலக்க வேண்டிய உப்பும் சர்க்கரையும் எங்கள் அடுக்களையிலேயே இருந்தன.

மாமியார் அம்மையார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரிங்க சார், மாட்டுக் கிருமியையா குழந்தை வாயிலே ஊற்றுகிறார்கள்?” என்றார். 1796இல் ஜென்னர், பால் கறக்கும் பெண்ணின் கையில் கண்ட மாட்டம்மைக் கொப்புளத்திலிருந்தே அம்மைப்பால் வைத்ததையும், ஆங்கிலத்தில் தடுப்பு மருந்தின் பெயரே பசுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததையும் எடுத்துரைத்தேன். அவர் முகம் முழுவதும் தெளியவில்லை. ஆயினும் அடுத்த புதன்கிழமை, மருமகள் கையிலிருந்த குழந்தையை வாங்கிக் கொண்டு சுகாதார நிலையத்தின் வரிசையில் முதலில் போய் நின்றவர் அவரே. மூன்றாம் தவணை சென்ற மாதம் முடிந்தது.